ஊர்த்தெரு முக்கில் கழலும் செயின்

ஓடுகிற லாரியில் மோதியவர்கள் உண்டு. ஓடுகிற பஸ்ஸில் மோதியவர்களும் உண்டு. நின்றுகொண்டிருந்த ரோடு ரோலரில் போய் மோதியவன் துடியலூர் வட்டாரத்திலேயே மாரப்பன் ஒருவன்தான். அதுவும் பட்டப்பகலில். அதுவும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டு, நாளொன்றுக்கு நாற்பது பேரின் லைசென்சுக்கு முத்திரை குத்திக்கொண்டு.

1996 ஜூன் மாதம். மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிரே வந்த டவுன் பஸ் ஒன்று அவன் முழங்கையை உரசுகிற மாதிரிக் கடந்து போயிற்று. மாரப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபீஸ்காரன் கோபம். பின்னால் திரும்பி, பஸ் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு, டிரைவரின் லைசென்சை எந்தச் சட்டத்தில் பிடுங்கலாம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பெடலை மிதித்தான். சட்டப் பிரிவு நினைவுக்கு வருவதற்குள் ரோலர் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதுகூடத் தப்பு. அது பாட்டுக்கு ஓரமாக நின்றது, இவன்தான் போனான்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ரோலர் டிரைவர் ஓடிவந்தார். முதலில் ரோலருக்கு ஏதாவது ஆயிற்றா என்று தடவிப் பார்த்தார். பிறகுதான் கீழே கிடந்தவனைப் பார்த்து, "ஏனுங்க, இத்தாப்பெருசு நிக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

இடது காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தான். ஏழாவது வாரம் டாக்டர் கட்டை அவிழ்த்து, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, இனி சைக்கிளில் போகலாம் என்றார். சைக்கிளும் தயாராக இருந்தது. முன்சக்கரத்துக்குப் புது ரிம், ஹேண்டில்பார் நிமிர்த்தியாயிற்று, மணிகூடப் புதுசு. தயாராக இல்லாதவன் மாரப்பன்தான்.

காலைத் தூக்கிப் போட்டு ஸீட்டில் உட்கார்ந்தால் தொடை நடுங்கியது. இதில் ஒரு விசேஷம். ஓடுகிற வண்டிகளைப் பார்த்து அவனுக்குப் பயமே வரவில்லை. நிற்கிற எதைக் கண்டாலும் வந்தது. கரண்டுக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, அசை போட்டுக்கொண்டு நிற்கும் எருமை, எதுவானாலும் அவனை மோதுவதற்காகவே அங்கே வந்து நிற்பதாகத் தோன்றியது. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எருமையைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்குகிறான். இதை யாரிடம் சொல்வது?

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தான். சும்மா நடந்து போனால் பயந்துவிட்டான் என்பார்கள். தள்ளிக்கொண்டு போனால் பஞ்சர் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டி, மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போய், துடியலூர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி நிறுத்திவிட்டு பஸ் ஏறினான். சாயங்காலம் அதே மூன்று கிலோமீட்டர். ஏறாத சைக்கிளுக்கு ஸ்டாண்டு வாடகை கொடுத்தவனும் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

இது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன தெரு சாதாரணத் தெரு இல்லை.

புளியங்காட்டுப்புதூரில் மாரப்பன் சாதிக்காரர்கள் ஒதுங்கிக் குடியிருந்த வளவு ஊருக்குக் கடைசியில் இருந்தது. வளவுக்காரர்கள் காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே வழி, பண்ணாடிகள் குடியிருக்கும் ஊர்த்தெரு. காடு வைத்திருப்பவர்களை வளவில் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் வளவுக்காரன் எவனும் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், தெரு முடிந்த பிறகு ஏறிக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் அப்படி யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று தெரியும். ஆனாலும் வளவில் பெரியவர்கள் பலர் இறங்கத்தான் செய்தார்கள்.

இறங்குகிறோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனசில்லை. அதற்காக ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர்த்தெரு முக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்திக் குனிந்து, செயினைத் தொட்டு விரலில் கொஞ்சம் மசகு பூசிக்கொண்டு, "செயின் கழண்டுபோச்சுங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பிப்பார்கள். தெருக் கடைசியில் செயின் தானாக மாட்டிக்கொள்ளும். சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும், செயினுக்கும் தெரியும். மாரப்பனின் இறந்துபோன அப்பா அப்படித்தான் இருபது வருஷம் போய்வந்தார்.

ரோலரில் மோதுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் பதினாலாம் தேதி, வளவில் டியூப் லைட் கட்டி மைக் வைத்து ஒரு கூட்டம் நடந்தது. மாரப்பன்தான் கடைசிப் பேச்சாளர். "நானும் ஆர்.டி.ஓ. ஆபீசுல எத்தனையோ வண்டியப் பார்க்கறனுங்க," என்று ஆரம்பித்தான். "எந்தக் கம்பெனிச் சைக்கிளா இருந்தாலும் நம்ம வளவுக்கு வந்துட்டா, ஊர்த்தெரு முக்குல மட்டும் செயின் கழலுது. இது என்ன மாயமுன்னு தெரியலீங்க." கூட்டம் சிரித்து உருண்டது. விரலில் மசகு காயாதவர்களும் சிரித்தார்கள். மாரப்பனுக்கு ஏறிவிட்டது. மைக்கை இறுக்கிப் பிடித்து, "இந்த மாரப்பன் சைக்கிள்ல எந்தத் தெருவுலயும் செயின் கழலாதுங்க," என்று முடித்தான். கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது.

வெறும் பேச்சில்லை. உத்தியோகம் கிடைத்த மூன்று வருஷமாக அவன் அந்தத் தெருவில் ஏறித்தான் போனான். பெரிய பண்ணாடி ஐயாசாமி வீட்டு முன்னால் போகும்போது தேவையில்லாமல் இரண்டு தடவை மணியும் அடிப்பான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் பெரியவர், அவன் கடக்கும்வரை பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். மாரப்பனுக்கு அன்றைய காபி அதுதான்.

அப்படிப்பட்டவன், ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், மணிகூட அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தான். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்றா மாரப்பா, தள்ளிக்கிட்டு வாரே?"

பஞ்சருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பெரியவரின் கண் டயர்மேல் இருந்தது. டயர் இரண்டும் காற்று ததும்பக் கல்லு மாதிரி நின்றன. சைக்கிளில் ஏறப் பயம் என்று இந்த மனுஷனிடமா சொல்வது? மூளை வேறு எதையாவது தேடுவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"செயின் கழண்டுபோச்சுங்க."

ஐயாசாமிப் பண்ணாடி செயினைப் பார்த்தார். அது பல்சக்கரத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆபீசு உத்தியோகத்துக்குப் போயும் பழசை மறக்கலே பாரு. உங்கப்பன் வளர்ப்பு." உள்ளே திரும்பி, "ஏ, ரண்டு தேங்கா கொண்டா" என்றார். வேலைக்காரர் கொண்டுவந்த தேங்காய்களை அவரே குடுமியோடு குடுமி முடிச்சுப் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். மாரப்பன் என்ன செய்தான் என்றால், "சரிங்க" என்றான். அதற்குமேல், "வாரேனுங்க" என்றும் சொன்னான். மைக்கில் கர்ஜித்த வாய்க்கு அந்த இரண்டு வார்த்தைகள்தான் கிடைத்தன. யார் எதைக் கொடுத்தாலும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஊரில் பிறந்து தொலைத்ததை நினைத்து வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான். தேங்காய்கள் டிபன் கேரியரில் இடித்து டங் டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

வீட்டில் அம்மா சின்னாத்தாள் தேங்காயைப் பார்த்தாள்.

"ஏது கண்ணு?"

"பெரிய பண்ணாடி ஊட்டுல குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் தேங்காயைத் தூக்கிப் பார்த்தாள். "உங்கப்பனுக்கும் இப்புடித்தான் சும்மா குடுப்பாங்க," என்று சொல்லிவிட்டு மூலையில் வைத்தாள். அன்று குழம்பில் தேங்காய் இல்லை, மறுநாளும் இல்லை. மாரப்பனுக்கு அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதைவிடப் பெரிய அடி அந்த வாரக் கடைசியில் விழுந்தது. முத்தாத்தாள் என்று வளவில் ஒருத்தி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், மாரப்பனுக்குத் தங்கச்சி முறை. இருபது வயசுக்கு மேல் சைக்கிள் பழகியவள். ஏப்ரல் கூட்டத்துக்கு மறுநாள்தான் முதல்தடவையாக ஊர்த்தெருவுக்குள் ஏறிப் போனாள். வளவுப் பெண் ஒருத்தி அந்தத் தெருவில் சைக்கிளில் போனது அதுவே முதல். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை மாரப்பன் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் இன்னொரு சைக்கிள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பினான். முத்தாத்தாளும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏன் அம்மணி, பஞ்சரா?"

"இல்லீங்கண்ணா. நீங்க எறங்கிப் போறீங்கல்லொ. ஏதோ பிரச்சனையாட்டம் இருக்குது, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நானும் எறங்கிப்போட்டேனுங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வளவுல நாலஞ்சு பேரு மறுக்காவும் எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. மாரப்பனே எறங்கறான், நமக்கென்னங்கறாங்க. ஆராச்சும் மெரட்டுனாங்களாண்ணா?"

மாரப்பனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. யாரும் மிரட்டவில்லை, ஒரு எருமை மிரட்டியது என்று எப்படிச் சொல்வான்? மூன்று வருஷம் மணியடித்துக்கொண்டு போனது, மைக்கில் பேசியது, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தது எல்லாவற்றையும் தன் தொடை நடுக்கம் பத்து நாளில் அழித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "நீ ஏறிப் போ அம்மணி," என்றான். அவள் ஏறவில்லை. அண்ணன் தள்ளும்போது தான் ஏறிப் போவது மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, தெருக் கடைசிவரை கூடவே தள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே மத்தியானம் ஆபீசில் அப்துல் வஹீதைப் பிடித்தான். வஹீது டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஆள் சேர்த்துக்கொண்டு வந்து டெஸ்டுக்கு நிறுத்துவார். மாரப்பனை விட நாலு வயசு மூத்தவராக இருந்தாலும் முத்திரை அவன் கையில் இருந்ததால் சார் என்றுதான் கூப்பிடுவார். ஊரில் ஒருவரிடமும் சொல்லாததை மாரப்பன் அவரிடம் முழுக்கச் சொன்னான். வஹீது சிரிப்பை அடக்க மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஸ்கூல்ல கார், லாரி, பஸ் எல்லாம் சொல்லிக் குடுக்கறமுங்க. சைக்கிளுக்கு இதுவரைக்கும் ஆரும் வந்ததில்லீங்க சார்."

ஆபீசுக்குப் பின்னால், டூவீலர்காரர்கள் கம்பங்களைச் சுற்றி எட்டுப் போட்டுக் காட்டும் மண் மைதானத்தில் சாப்பாட்டு இடைவேளையில் பாடம் ஆரம்பித்தது. வஹீது பக்கத்துக் கடையில் ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்து, கேலிக்காக முன்னாலும் பின்னாலும் எல் போர்டு கட்டிக் கொண்டுவந்தார். லைசென்சுக்கு வந்து வரிசையில் நின்றவர்கள், தங்கள் பாரத்தில் முத்திரை குத்தப்போகும் சார் சைக்கிளில் ஏறத் தெரியாமல் நொண்டியடிப்பதைப் பயபக்தியோடு வேடிக்கை பார்த்தார்கள். "சார், நேராப் பாருங்க" என்று ஒருவர் சொல்ல, "பிரேக்குல கை வெச்சுக்குங்க" என்று இன்னொருவர் சொல்ல, மைதானம் முழுக்க வாத்தியார்கள் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மாரப்பன் காலை ஊன்றினான். "கால் ஊணிட்டீங்க, ஃபெயில்," என்றார் வஹீது. முதல் வாரத்தில் பதினேழு தடவை ஃபெயில்.

கடைசியில் வஹீதுதான் கோளாறைக் கண்டுபிடித்தார். "நீங்க கம்பத்தையே பாக்கறீங்க சார். கண்ணு எங்கியோ சைக்கிளு அங்கதான் போகும். கம்பத்துக்குப் பக்கத்துல இருக்கற சந்தைப் பாருங்க." சொல்வது சுலபம். ஆனாலும் இரண்டாம் வாரம் வியாழக்கிழமை மாரப்பன் காலை ஊன்றாமல் ஒரு முழு எட்டுப் போட்டான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்று அவனிடம் வந்த பாரங்களில் எல்லாம் முத்திரை பளிச்சென்று விழுந்தது.

திங்கட்கிழமை காலை வளவிலேயே சைக்கிளில் ஏறினான். முத்தாத்தாளைக் கூப்பிட்டு, "பின்னாலயே வா அம்மணி, ஏறிட்டு வா," என்றான். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அவனுக்குத் தைரியம் இன்னும் கொஞ்சம் கூடிற்று. ஊர்த்தெரு முக்கைத் தாண்டினான். முதல் வீடு, இரண்டாவது வீடு. தொடை நடுங்கியது, ஆனால் கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேப்பமரம் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, பேப்பர் தெரிந்தது. மணியில் கட்டை விரலை வைத்தான்.

அப்போதுதான் டிராக்டர் டிரெய்லரைப் பார்த்தான். எரு மூட்டைகளை ஏற்றுவதற்காகப் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நின்றது. பக்கத்தில் லாரியே போகிற அளவுக்குச் சந்து இருந்தது. சந்தைப் பார் சந்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாரப்பன் டிரெய்லரையே பார்த்தான். சைக்கிள் கண் சொன்னபடி கேட்டது. நேராக அதன் பின்பலகையில் போய் இடித்து, அவனைப் பக்கவாட்டில் தூக்கி வீசியது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில், ஐயாசாமிப் பண்ணாடியின் நாற்காலிக்கு முன்னால், குப்புற விழுந்தான். நெற்றிக்கும் அவர் செருப்புக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

"அட, எந்திரி எந்திரி," என்றார் பெரியவர் பதறிப்போய். "இதெல்லாம் என்னத்துக்குடா? எறங்கிப் போறயே, அதே போதாதா? காலுல உழுகோணுமா?"

சுற்றியிருந்த வாசல்களில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மாரப்பனுக்குத் தாங்கவில்லை. அவர்களும் அப்படியேதான் நினைத்துவிட்டார்கள். முத்தாத்தாள் ஸீட்டைவிட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். இறங்குவதா வேண்டாமா என்று அவள் கண் அவனைக் கேட்டது.

மாரப்பன் எழுந்தான். முழங்காலில் பேண்ட் கிழிந்து ரத்தம் கசிந்தது. வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு, மைக்கில் பேசிய அதே குரலில், வாசல்களில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"நான் உங்க காலுல உழுகலீங்க. டிரெய்லர்ல முட்டி உழுந்தேனுங்க. அன்னைக்குச் செயினும் கழலலீங்க. நான் பொய் சொல்லிப்போட்டேன்."

"அது தெரியும்டா. மருவாதைக்கு..."

"மருவாதைக்கு இல்லீங்க, பயத்துக்குங்க. ரோடு ரோலர்ல முட்டுனதுல இருந்து சைக்கிள்ல ஏறுனா எனக்குக் காலு நடுங்குதுங்க. கம்பத்தப் பாத்தா பயம், தொட்டியப் பாத்தா பயம், எருமையப் பாத்தாக்கூட பயமுங்க. அதுனாலதான் தள்ளிட்டு வந்தேனுங்க."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி மெதுவாக வடிந்தது.

"சைக்கிளுக்கா பயந்தே?"

"சைக்கிளுக்குத்தானுங்க. உங்களுக்கு இல்லீங்க."

எதிர் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற அம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு மூட்டை தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரருக்குச் சைக்கிள் பயமாமா என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது. இனிப் பத்து வருஷத்துக்கு இந்தப் பேச்சு ஓயாது என்று மாரப்பனுக்குத் தெரிந்தது. பெண் வீட்டார் காதுக்கும் போகும். போகட்டும் என்றிருந்தது அவனுக்கு. அவ்வளவு பேர் சிரித்ததில் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

ஐயாசாமிப் பண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. "ரத்தம் வருது. தள்ளிக்கிட்டே போயேன்," என்றார். அக்கறையாகச் சொன்னாரா, வேறு எதற்காவது சொன்னாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

"இல்லீங்க. ஏறித்தான் போகோணுங்க."

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரை நேராக்கினான். ஒரு காலைப் பெடலில் வைத்து நொண்டியடித்தான். ஏற முடியவில்லை. இரண்டாம் தடவையும் ஏற முடியவில்லை, சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மூன்றாம் தடவை ஸீட் கிடைத்தது. சைக்கிள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வேப்பமரத்தைக் கடந்தது.

பின்னால் மணி அடித்தது. முத்தாத்தாள்.

"சித்த ஓரம் போங்கண்ணா. நீங்க போற போக்குல எனக்கு அரிசி போட நேரமாயிரும்."

அவன் ஓரம் போகத் தெரியாமல் நடுத்தெருவிலேயே போனான். அவள் சந்தில் நுழைந்து அவனை முந்திக்கொண்டு போனாள். தெரு முடியும்வரை இரண்டு பேரும் இறங்கவில்லை.